டிவி, ஃப்ரிட்ஜ், போன்: ஆன்லைனில் போடுவதா, கடைக்குப் போவதா?

அருப்புக்கோட்டையில் இருக்கும் என் அத்தைக்கு, நான் சென்னையில் உட்கார்ந்துகொண்டு ஆன்லைனில் ஒரு வாஷிங் மெஷின் போட்டேன். முன்பக்கம் கதவு வைத்த ஃப்ரண்ட் லோடு. ஊர்க் கடையில் சொன்ன விலையைவிட 2,300 ரூபாய் குறைவு. நான்காம் நாள் வந்து இறங்கியது. கொண்டுவந்த பையன்கள் மாடிப்படிக்குக் கீழே வைத்துவிட்டு, ஓ.டி.பி. வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். மாட்டிக் கொடுக்க வரவேண்டியவர் இன்றைக்கு, நாளைக்கு என்று ஒன்பது நாள் இழுத்தார். அத்தை எத்தனை நாள்தான் அழுக்குத் துணியைப் பார்த்துக்கொண்டிருப்பார்? பக்கத்து வீட்டுத் தம்பியை வைத்து மேலே தூக்கி, குழாயை மாட்டி, ஓட்டிவிட்டார். துணி பிழியத் தொடங்கியதும் மெஷின் குதித்துக் குதித்து, குளியலறை வாசலிலிருந்து கூடம் வரைக்கும் நடந்தே வந்துவிட்டது.

ஃப்ரண்ட் லோடு மெஷினின் முதுகில் நீள நீளமாகச் சில போல்ட்டுகள் இருக்கும். லாரியில் வரும்போது உள்ளே டிரம் ஆடிவிடாமல் பிடித்துக்கொள்வதற்காகப் போட்டது. டிரான்சிட் போல்ட் என்பார்கள். முதல்முறை ஓட்டுவதற்கு முன் அவற்றைக் கழற்றியாக வேண்டும். அது அத்தைக்கும் தெரியாது, பக்கத்து வீட்டுத் தம்பிக்கும் தெரியாது. கம்பெனி ஆள் பத்தாம் நாள் வந்து, "போல்ட்டைக் கழட்டாம ஓட்டினது உங்க தப்பும்மா, இது கேரண்டியில வராது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"நீ மிச்சம் புடிச்ச காசுக்கு எனக்கு ஒரு சேலை எடுத்துக் குடுத்திருக்கலாம்டா" என்றார் அத்தை.

அதிலிருந்து வீட்டில் யார் எது வாங்கக் கேட்டாலும், எங்கே விலை குறைவு என்பதை நான் இரண்டாவதாகத்தான் பார்க்கிறேன். முதலில் கேட்பது வேறு: மூன்றாம் நாள் கெட்டுப்போனால் யார் வாசலில் போய் நிற்பது? இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். மீதிப் பாதிக்குத்தான் கீழே உள்ளவை.

படி 1: பொருளைப் பார்த்து இடத்தை முடிவு செய்யுங்கள்

ஆள் வந்து மாட்டித் தரவேண்டிய பொருள் ஒரு வகை. ஏசி, வாஷிங் மெஷின், தண்ணீர் சுத்திகரிப்பான், சுவரில் மாட்டும் பெரிய டிவி. இவற்றை உள்ளூர்க் கடையில் வாங்குவதுதான் என் கட்சி. கொஞ்சம் விலை கூடினாலும் சரி. கடைக்காரர் நம் ஊர்க்காரர். அவருக்கு அடுத்த வருஷம் நாம் ஃப்ரிட்ஜ் வாங்க வருவோம் என்ற கணக்கு இருக்கிறது. "அண்ணே, ஆள் இன்னும் வரல" என்று நேரில் போய் நின்றால், நம் முன்னாலேயே போனை எடுத்து டெக்னீஷியனைக் கூப்பிடுவார். சிறு ஊர்களில் இதன் மதிப்பு இன்னும் அதிகம், ஏனென்றால் கம்பெனியின் சர்வீஸ் சென்டர் பெரும்பாலும் மாவட்டத் தலைநகரில்தான் இருக்கும்.

பெட்டியைப் பிரித்ததும் கையில் எடுத்துப் பயன்படுத்தும் பொருள் இன்னொரு வகை. போன், இயர்பட்ஸ், ஹார்ட் டிஸ்க், ரவுட்டர், மிக்ஸி, அயர்ன் பாக்ஸ். இவற்றில் மாடல் ஒன்றேயானால் எங்கே வாங்கினாலும் பொருள் ஒன்றேதான். விலை குறைவாக இருக்கும் இடத்தில் தாராளமாக வாங்கலாம், விற்பவர் யார் என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். அதைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

நடுவில் நிற்பது லேப்டாப். அதன் விவரங்களை ஆன்லைனில் படிப்பதுதான் வசதி. ரேம் மதர்போர்டோடு பற்றவைத்ததா, பின்னால் கூட்டிக்கொள்ள இடம் உண்டா என்று கடையில் கேட்டால் பாதிப்பேர் விழிப்பார்கள். ஆனால் கீபோர்டு விரலுக்கு எப்படி இருக்கிறது, மூடியைத் திறந்தால் திரை ஆடுகிறதா, ஜன்னல் பக்கம் திருப்பினால் எழுத்து தெரிகிறதா என்பதை எந்தப் படமும் சொல்லாது. படிப்பது வீட்டில், தொட்டுப் பார்ப்பது கடையில் என்று இரண்டையும் செய்தாக வேண்டும்.

சென்னைக்காரர்களுக்கு மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு. கம்ப்யூட்டர் உதிரிப் பாகம், பழைய லேப்டாப்புக்குத் திரை, வயர், அடாப்டர், சிசிடிவி கேமரா என்று எதைத் தேடினாலும் அங்கேயும் பக்கத்து நரசிங்கபுரம் தெருவிலும் கிடைக்கும். பழுதான பாகத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு போவது நல்லது. வாயால் விளக்குவதைவிட அதைக் காட்டினால் வேலை சீக்கிரம் முடியும். நான்கு கடை ஏறி இறங்காமல் காசைக் கொடுக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.

படி 2: டேப்பை எடுத்து வீட்டை அளங்கள்

43 அங்குல டிவி என்றால் அந்த 43 மூலைக்கு மூலை. அகலம் சுமார் 95 செ.மீ. வரும். 55 அங்குலம் என்றால் 122 செ.மீ. அலமாரிக்குள் வைப்பவர்கள் இதைத்தான் அளக்க வேண்டும். ஃப்ரிட்ஜுக்கு நிற்கும் இடத்தை மட்டும் அளந்தால் போதாது. வாசல், மாடிப்படித் திருப்பம், லிஃப்ட் கதவு எல்லாவற்றையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஏசிக்கும் வாஷிங் மெஷினுக்கும் பக்கத்தில் 16 ஆம்பியர் பிளக் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதலில் எலெக்ட்ரீஷியன், அப்புறம்தான் கடை.

படி 3: மாடல் எண்ணைக் கடைசி எழுத்து வரை பிடியுங்கள்

"சாம்சங் 253 லிட்டர் ஃப்ரிட்ஜ்" என்று சொன்னால் அது எந்த ஃப்ரிட்ஜையும் குறிக்காது. அதே கொள்ளளவில் ஐந்தாறு மாடல்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எழுத்தும் எண்ணுமாக நீளமான மாடல் எண். கடைசி இரண்டு எழுத்து நிறத்தைக் குறிக்கலாம், வருஷத்தைக் குறிக்கலாம், கம்ப்ரசர் வகையையே கூடக் குறிக்கலாம். கடையில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை போனில் படம் எடுத்துக்கொண்டு, அந்த எண்ணை அப்படியே ஆன்லைனில் தேடுங்கள். எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால்தான் விலையை ஒப்பிட முடியும்.

பல சமயம் ஒத்துப்போகாது. ஆன்லைனுக்கென்றே தனி மாடல், ஷோரூமுக்கென்றே தனி மாடல் என்று கம்பெனிகளே பிரித்து விடுகின்றன. யாரும் விலையை நேருக்கு நேர் ஒப்பிட்டுவிடக் கூடாது என்பதும் அதில் ஒரு காரணம். "அது ஆன்லைன் மாடல் சார், தரம் கம்மி" என்று கடையில் சொல்வார்கள். அது பாதி உண்மை. வித்தியாசம் இருக்கலாம்: செட்டாப் பாக்ஸ் வயரை மாட்டும் எச்.டி.எம்.ஐ. துளை ஒன்று குறையும், ஸ்பீக்கர் வாட்ஸ் குறையும், ரிமோட் மாறும். தரமே மட்டம் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதற்கில்லை. இரண்டு மாடலின் விவரப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

இன்னொன்று, நட்சத்திரம். ஃப்ரிட்ஜ், ஏசி மீது ஒட்டியிருக்கும், மத்திய அரசின் மின்சிக்கன அமைப்பான பி.இ.இ.யின் லேபிளில் எத்தனை நட்சத்திரம் என்று மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறோம். அதே லேபிளில் எந்த ஆண்டுக்கான அளவுகோல் என்பதும், மின்சாரம் எத்தனை யூனிட் இழுக்கும் என்பதும் அச்சாகியிருக்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இந்த அளவுகோலை இறுக்குகிறார்கள். பழைய அளவுகோலில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது புதியதில் நான்காகவோ மூன்றாகவோ இறங்கிவிடும். தள்ளுபடியில் தள்ளிவிடும் பழைய சரக்கில் இதைக் கட்டாயம் பாருங்கள். நட்சத்திரத்தை விடுங்கள், யூனிட்டை ஒப்பிடுங்கள். தமிழ்நாட்டில் இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழ்ப்படியில் மலிவாகக் கிடைத்துக்கொண்டிருந்த யூனிட்டுகளுக்கும் சேர்த்து விலை ஏறிவிடும். அந்த எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் வீட்டுக்கு, ஏசி இழுக்கும் யூனிட்தான் வாங்கும் விலையைவிடப் பெரிய செலவு.

படி 4: உண்மையான விலையைக் கணக்குப் போடுங்கள்

திரையில் காட்டும் விலையும் கடைப் பலகையில் தொங்கும் விலையும் முடிவான விலை அல்ல. ஒரு தாளை எடுத்து இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதுங்கள். பொருளின் விலை, மாட்டும் கூலி, கூட வாங்கவேண்டிய சாமான், பழையதற்குக் கிடைக்கும் தொகை, தவணைச் செலவு. கடைசியில் கூட்டிப் பார்த்தால் பல சமயம் ஆன்லைனின் லாபம் பாதியாகிவிடும். சில சமயம் கடைக்காரர் சொன்னது எவ்வளவு கூடுதல் என்பதும் அதே தாளில் அம்பலமாகும்.

ஏசியில்தான் இது அதிகம். பெட்டியோடு வரும் செம்புக் குழாய் பெரும்பாலும் 3 மீட்டர்தான். வெளியே வைக்கும் யூனிட் மொட்டைமாடியில் என்றால் அது எட்டாது. கூடுதல் குழாய்க்கு மீட்டர் கணக்கில் காசு. சுவரில் துளை போடத் தனியாக, வெளி யூனிட்டைத் தாங்கும் ஸ்டாண்டுக்குத் தனியாக, ஸ்டெபிலைசர் தனியாக. ஆன்லைனில் வாங்கினால் இதெல்லாம் மாட்ட வருபவர் வாயிலிருந்து ஒவ்வொன்றாக வரும். அப்போது பேரம் பேசவும் முடியாது. கடையிலென்றால் பில் போடுவதற்கு முன்பே, "ஸ்டாண்டு, ஸ்டெபிலைசர், மாட்டுக்கூலி எல்லாம் சேர்த்து எவ்வளவுண்ணே?" என்று ஒரே தொகையாகக் கேட்டுவிடலாம். பெரிய கடைகளில் ஸ்டாண்டை இலவசமாகத் தள்ளிவிடுவதும் உண்டு.

அடுத்தது தவணை. வட்டியில்லாத ஈ.எம்.ஐ. என்ற வார்த்தையில் மயங்காதவர் குறைவு. ஆனால் கார்டுக் கடனில் வட்டியே இல்லை என்று ஒன்று கிடையாது. அப்படிப்பட்ட பூஜ்ய வட்டித் திட்டங்கள் வட்டியை வேறு இடத்தில் ஒளித்து வைக்கின்றன என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே கண்டித்தது. இப்போது என்ன செய்கிறார்கள்? வட்டி அளவுக்குப் பொருளின் விலையில் தள்ளுபடி கொடுத்துவிட்டு, வங்கி அந்த வட்டியை நம்மிடம் வசூலிக்கிறது. கூட்டினால் விலை அதேதான். ஆனால் அந்த வட்டியின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வரும், அது நம் தலையில். வங்கியின் பிராசஸிங் கட்டணமும் அதற்கு ஜி.எஸ்.டி.யும் அப்படித்தான். 30,000 ரூபாய் போனை ஆறு மாதத் தவணையில், ஆண்டுக்கு 15 சதவீத வட்டியில் எடுத்தால் வட்டி சுமார் 1,270 ரூபாய். அதற்கு ஜி.எஸ்.டி. 228. பிராசஸிங் கட்டணம் 199 என்று வைத்துக்கொண்டால் வரியோடு 235. ஆக, ஒன்றுமே இல்லை என்று சொன்ன இடத்தில் 460 ரூபாய்க்கு மேல் போயிற்று. பெரிய தொகை இல்லைதான். மொத்தப் பணம் கட்டினால் கிடைக்கும் கார்டுத் தள்ளுபடி, தவணைக்குப் போனால் கிடைக்குமா என்பதையும் பாருங்கள். அதில் போவதுதான் பெரும்பாலும் பெரிய தொகை.

கடையில் இதற்கு எதிர்ப்பக்கம் ஒன்று உண்டு: கார்டு தேய்த்தால் 2 சதவீதம் கூடுதல் என்பார்கள். யு.பி.ஐ. என்றால் பெரும்பாலும் அந்தப் பேச்சு வராது. "பில் வேண்டாம்னா இன்னும் கொஞ்சம் குறைச்சுத் தரேன்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பில் இல்லையென்றால் கேரண்டியும் இல்லை, நுகர்வோர் நீதிமன்றத்தில் காட்ட ஆதாரமும் இல்லை. பில் தராமல் விற்பதே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிக முறை. தொழிலுக்காக வாங்குபவர்கள் ஜி.எஸ்.டி. எண் போட்ட பில்லாகக் கேட்டு வாங்குங்கள். உள்ளீட்டு வரியை, அதாவது வாங்கும்போது கட்டிய ஜி.எஸ்.டி.யை, கழித்துக்கொள்ளத் தகுதி இருந்தால், அந்த 18 சதவீதம் எந்தத் தள்ளுபடியையும்விடப் பெரிது.

வரி என்றதும் ஒன்று. 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவி, ஏசி, பாத்திரம் கழுவும் மெஷின் ஆகியவற்றின் ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்கு முன் அச்சிட்ட பெட்டியில் பழைய எம்.ஆர்.பி. இருக்கும். அந்தப் பழைய எண்ணிலிருந்து "இவ்வளவு தள்ளுபடி" என்று காட்டினால் அது தள்ளுபடியே அல்ல, வரிக்குறைப்பு. பொதுவாகவே எம்.ஆர்.பி.யிலிருந்து எத்தனை சதவீதம் குறைத்தார்கள் என்று பார்ப்பது வீண். யாரும் அந்த விலைக்கு விற்பதே இல்லை.

எப்போது வாங்குவது? ஊர்க் கடைகளுக்கு ஆடித் தள்ளுபடியும் தீபாவளியும். ஆன்லைனில் செப்டம்பர், அக்டோபரில் வரும் திருவிழா விற்பனைகள். அந்த வாரத்தில் ஆன்லைன் விலையைக் காட்டினால் கடைகளும் இறங்கி வரும். ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால் காத்திருங்கள். நின்றுவிட்டது என்றால் பால் கெடுவதற்கு முன் வாங்குங்கள், ஆடி வரை யார் காத்திருப்பது?

படி 5: கடைக்குள் நுழைந்தால்

நுழைந்ததும் சீருடை போட்ட ஒருவர் "வாங்க சார், என்ன பாக்கறீங்க?" என்று வருவார். பெரிய ஷோரூம்களில் இவர்களில் பலர் கடை ஆட்கள் அல்ல. ஒரு குறிப்பிட்ட கம்பெனி தன் சரக்கை விற்பதற்காக நிறுத்தியவர்கள். அவர்கள் சொல்வது பொய் என்று அர்த்தமில்லை. தன் கம்பெனிப் பொருளைப் பற்றி அவ்வளவு விவரம் வேறு யாருக்கும் தெரியாது. ஆனால் அடுத்த கம்பெனியைப் பற்றி அவரிடம் கேட்டால் என்ன வரும்? எனவே முதலிலேயே, "நீங்க கடை ஸ்டாஃபா, கம்பெனி ஸ்டாஃபா தம்பி?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிடுங்கள். யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

டிவியைப் பார்க்கும்போது கவனம். சுவர் முழுக்கப் பளபளவென்று மயில் தோகையும் நீலக் கடலும் ஓடிக்கொண்டிருக்கும். அது கடை வெளிச்சத்துக்காக வெளிச்சத்தையும் நிறத்தையும் உச்சத்தில் ஏற்றிய கடை மோடு. ஓடுவதும் கம்பெனி தந்த படம். ரிமோட்டைக் கேட்டு வாங்கி, வீட்டு மோடுக்கு மாற்றச் சொல்லுங்கள். அப்புறம் சாதாரணச் செய்திச் சேனல் ஒன்றைப் போடச் சொல்லுங்கள். நாம் வீட்டில் பார்க்கப்போவது அதைத்தானே. பக்கவாட்டில் நான்கடி நகர்ந்து நின்று பாருங்கள். நிறம் வெளுத்துப்போனால், கூடத்தில் ஓரமாகத் தரையில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு அப்படித்தான் தெரியும்.

பேரம். அத்தைக்குப் பழைய ஃப்ரிட்ஜ் போய்விட்டது. இந்த முறை என்னிடம் கேட்கவில்லை, என்னைக் கூட்டிக்கொண்டு கடைக்கே போனார். மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, என்னை ஆன்லைன் விலையைப் பார்க்கச் சொன்னார். கடை விலை 1,900 அதிகம்.

"தம்பி, போன்ல இந்த வெல போட்டிருக்கு. நீ என்ன சொல்ற?"

"அம்மா, அந்த விலைக்கு எங்களுக்கே வாங்க முடியாதும்மா."

"அவ்வளவு கொறைக்க வேண்டாம். ஆயிரம் கொறை. ஸ்டெபிலைசர் ஸ்டாண்டு ரெண்டும் குடு. பழசை நீயே எடுத்துக்க. இன்னைக்குச் சாயங்காலம் மேல ஏத்தி வச்சுக் குடுத்துரணும்."

பையன் உள்ளே போய் முதலாளியிடம் பேசிவிட்டு வந்தான். ஆயிரத்துக்குப் பதில் எழுநூறு குறைந்தது. மற்றதெல்லாம் அத்தை சொன்னபடி. கணக்குப் போட்டால் ஆன்லைனைவிட மலிவு. அத்தை செய்தது என்னவென்றால், ஆன்லைன் விலைக்கே கொடு என்று முட்டவில்லை. அந்த விலை கடைக்காரருக்குக் கட்டுப்படியாகாமல் இருக்கலாம். ஆனால் ஸ்டாண்டு, கூலி, பழைய பொருள் இவற்றில் அவருக்குக் கை இளகும். அங்கேதான் கேட்க வேண்டும்.

கூடுதல் கேரண்டி என்று ஒன்றை பில் போடும் மேஜையில் நீட்டுவார்கள். அதை யார் தருவது, பொருளைச் செய்த கம்பெனியா, வேறு காப்பீட்டு நிறுவனமா என்று கேளுங்கள். கம்பெனியே தருவது என்றால் ஏசி, வாஷிங் மெஷினுக்கு யோசிக்கலாம். "கம்ப்ரசருக்குப் பத்து வருஷம்" என்பதிலும் பெரும்பாலும் பாகம் மட்டும்தான் இலவசம். ஆள் வரும் கூலி, கேஸ் நிரப்பும் செலவு நம்முடையது.

படி 6: ஆன்லைனில் பட்டனைத் தட்டுமுன்

அமேசானில் வாங்கினேன், ஃபிளிப்கார்ட்டில் வாங்கினேன் என்கிறோம். விற்றவர் பெரும்பாலும் அவர்கள் அல்ல. அந்நிய முதலீடு உள்ள இணையச் சந்தை தன் சொந்தச் சரக்கை நுகர்வோருக்கு விற்கக் கூடாது என்பது இந்திய விதி; 2019 பிப்ரவரியிலிருந்து அது இன்னும் கெடுபிடியானது. எனவே விலைக்குக் கீழே, சிறிய எழுத்தில், விற்பவர் பெயர் என்று ஒன்று இருக்கும். அதைத் தட்டிப் பாருங்கள். எத்தனை நாளாக விற்கிறார், என்ன மதிப்பெண், முகவரி எங்கே. ஒரே பொருளை ஐந்து பேர் விற்கும்போது மற்ற நால்வரைவிட ஒருவர் மட்டும் ஐயாயிரம் குறைவாகப் போட்டிருந்தால் அவரை விட்டுவிடுங்கள். கம்பெனியின் சொந்த இணையதளத்திலும் ஒருமுறை விலையைப் பாருங்கள். போன், லேப்டாப்புக்கு மாணவர் தள்ளுபடி அங்கே கிடைக்கலாம்.

பென் டிரைவ், மெமரி கார்டு வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. பேர் தெரியாத கம்பெனியின் 2 டெராபைட் பென் டிரைவ் 500 ரூபாய்க்கு வந்தால் அது போலி. கம்ப்யூட்டரில் 2 டெராபைட் என்றே காட்டும், ஆனால் உள்ளே இருப்பது அதில் நூறில் ஒரு பங்காக இருக்கலாம். அது நிறைந்ததும் புதிதாகப் போடும் கோப்புகள் சத்தமில்லாமல் அழிந்துவிடும். கல்யாண வீடியோவை அதில் போட்டு வைத்தவர்களை எனக்குத் தெரியும்.

விமர்சனங்களில் ஐந்து நட்சத்திரத்தையும் ஒற்றை நட்சத்திரத்தையும் தாண்டி, மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்களைப் படியுங்கள். "நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால்..." என்று எழுதுபவர்கள் அவர்கள்தான். அந்த ஆனாலுக்குப் பின்னால் இருப்பதுதான் நமக்கு வேண்டும். டெலிவரி சீக்கிரம் வந்தது என்று எழுதியதையெல்லாம் கழித்துவிடுங்கள், அது பொருளைப் பற்றிய விமர்சனம் இல்லை.

திருப்பி எடுத்துக்கொள்ளும் விதியை இரண்டு முறை படியுங்கள். ஏழு நாளில் திருப்பலாம் என்பது வேறு, ஏழு நாளில் மாற்றித் தருவோம் என்பது வேறு. போனுக்கும் டிவிக்கும் பெரும்பாலும் இரண்டாவதுதான். அதாவது பிடிக்கவில்லை என்றால் ஒன்றும் நடக்காது. பழுது என்று ஆள் வந்து சான்று சொன்னால்தான் மாற்றுவார்கள். அந்த ஆள் உங்கள் பின்கோடுக்கு வருவாரா என்பதையும் பாருங்கள்.

கடைசியாக, பணம் கட்டும் பக்கம். நாம் கேட்காத காப்பீடு கூடையில் ஏறியிருக்கும், கடைசி நிமிஷத்தில் ஏதோ ஒரு கட்டணம் முளைக்கும், "இன்னும் இரண்டு மட்டுமே" என்று கடிகாரம் ஓடும். இப்படிப் பதின்மூன்று வகைத் தந்திரங்களைப் பட்டியலிட்டு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30ஆம் தேதி தடை செய்திருக்கிறது. தடை இருந்தாலும் கண் நம்முடையது. மொத்தத் தொகையைப் படி 4இல் எழுதிய தாளோடு ஒப்பிட்டுவிட்டுத் தட்டுங்கள்.

படி 7: பெட்டி வந்த நாள்

இதில் சோம்பல் கூடாது. பெட்டி வந்ததும் நான்கு பக்கமும் படம். முனை நசுங்கியிருந்தால், ஈரம் இருந்தால், ஒட்டுப்பட்டை மேல் ஒட்டுப்பட்டை இருந்தால், கொண்டுவந்தவர் நிற்கும்போதே படம் எடுங்கள். திறந்து காட்டித் தரும் டெலிவரி வசதி இருந்தால் போனுக்கு அதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். திறந்து பார்த்துவிட்டுத்தான் ஓ.டி.பி. சொல்ல வேண்டும். "சார், அடுத்த டெலிவரி இருக்கு, சீக்கிரம்" என்பார். இரண்டு நிமிஷம்தான் தம்பி என்று சொல்லிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். அந்த வசதி இல்லையென்றால், முகவரி ஒட்டியிருக்கும் பக்கத்திலிருந்து தொடங்கி, வெட்டாமல் ஒரே வீடியோவாகப் பிரியுங்கள். வரிசை எண் வீடியோவில் தெளிவாகத் தெரிய வேண்டும்.

பெரிய டிவியையும் வாஷிங் மெஷினையும் நீங்கள் பிரிக்க வேண்டாம். கம்பெனி ஆள் வந்து பிரித்தால்தான், உள்ளே உடைந்திருக்கும்போது அது வரும்போதே உடைந்தது என்று எழுதிக் கொடுப்பார். நீங்கள் பிரித்துவிட்டால், நீங்கள்தான் உடைத்தீர்கள் என்று தொடங்கிவிடும். ஃப்ரிட்ஜைப் படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தால் நிமிர்த்தி வைத்துச் சில மணி நேரம் விட்டுவிட்டு சுவிட்சைப் போடுங்கள். கம்ப்ரசர் எண்ணெய் கீழே இறங்க வேண்டும்.

போன் கடையில் வாங்கியதோ ஆன்லைனோ, *#06# அழுத்தினால் வரும் ஐ.எம்.இ.ஐ. எண்ணும் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) பெட்டியில் உள்ளதும் பில்லில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அந்த எண்ணைப் போட்டால், போன் முறையானதா, முடக்கப்பட்டதா என்று சொல்லிவிடும். கம்பெனி தளத்தில் கேரண்டி எந்தத் தேதியில் தொடங்கியது என்றும் பாருங்கள். நேற்று வாங்கிய போனுக்கு மூன்று மாதம் முன்பே கேரண்டி தொடங்கியிருந்தால், யாரோ ஏற்கெனவே திறந்து பயன்படுத்திய சரக்கு அது.

அட்டைப்பெட்டியையும் தெர்மாகோலையும் மாற்றித் தரும் கெடு முடியும் வரை தூக்கிப் போடாதீர்கள். வீட்டில் திட்டுவார்கள்தான்.

படி 8: தகராறு வந்தால்

"விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று பில்லின் அடியில் அச்சடித்திருப்பார்கள். பழுதான பொருளுக்கு அது செல்லாது. பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், பழுதான பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது நேர்மையற்ற வணிக முறை என்கிறது 2019 சட்டம். ஆன்லைன் விற்பனையாளருக்கு 2020 மின்வணிக விதிகள் தனியாக உண்டு. பழுது, போலி, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாதது, இவற்றைத் திருப்பி எடுக்க மறுக்கக் கூடாது. ஒவ்வொரு இணையச் சந்தையும் குறைதீர்ப்பு அதிகாரியின் பெயரைப் போட்டிருக்க வேண்டும். புகாருக்கு 48 மணி நேரத்தில் பதிவு ஒப்புகையும், ஒரு மாதத்தில் தீர்வும் தரவேண்டும். எனவே அரட்டைப் பெட்டியில் ரோபோவோடு மல்லுக்கட்டாமல், அந்த அதிகாரிக்கு மின்னஞ்சல் போடுங்கள். படங்கள், வீடியோ, பில் மூன்றையும் இணைத்து, என்ன வேண்டும் என்பதை ஒரே வரியில் எழுதுங்கள்: மாற்றித் தர வேண்டும், அல்லது பணம் வேண்டும்.

அதற்கும் மசியவில்லையென்றால் 1915. தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசலாம். வழக்குக்கு முன்பே பல விஷயங்கள் இங்கே தீர்ந்துவிடும். அதற்கு மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை. விற்றவர் குர்கானில் இருந்தாலும் பெங்களூரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

இத்தனைக்கும் வேண்டியது அந்த பில். கடைகளில் இப்போது தரும் வழுவழுப்பான காகித பில் வெயிலும் சூடும் பட்டால் ஒரு வருஷத்தில் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். அன்றைக்கே படம் எடுத்து, வீட்டார் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள். அத்தை அதை நம்புவதில்லை. ஃப்ரிட்ஜ் வாங்கிய அன்று கடையிலிருந்து நேராக ஜெராக்ஸ் கடைக்குப் போய் மூன்று நகல் எடுத்தார். ஒன்று பீரோவில், ஒன்று ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் பிளாஸ்டிக் உறையில் ஒட்டியிருக்கிறது. மூன்றாவதை என் கையில் கொடுத்து, "இது உன்கிட்ட இருக்கட்டும், நீதானே போன்லயே எல்லாம் பாக்கறவன்" என்றார்.